கண்ணாடியின் இடத்தில்

போன வசந்தத்தில் முப்பது சன்னல் கண்ணாடி ஏற்றினேன்.
பதினொன்று முழுசாக இறங்கிற்று.
மிச்சத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டு திரும்பினேன்.
நூற்று அறுபது கிலோமீட்டர்,
சாக்கு பின்னால் சிரித்துக்கொண்டே வந்தது.

படகோனியாவில் கண்ணாடிக்காரிக்கு
வேலை தருவது காற்று.
கூரைத் தகரத்தைக் கழற்றிச் சன்னலில் எறிந்துவிட்டு
அடுத்த பண்ணைக்குப் போய்விடும்.
பின்னாலேயே நான் போக வேண்டும்.
வழியெல்லாம் சரளை. லாரிகள் ஓடி ஓடிக்
குறுக்கே வரிவரியாய்ப் பல் முளைத்த சாலை.
இங்கே அதற்கு ரம்பம் என்றே பெயர்.

ஆகவே புது ட்ரெய்லர்.
இரும்பை நானே அறுத்தேன், நானே வெல்டிங் வைத்தேன்.
நாலு மூலையும் மட்டத்துக்கு வந்த அன்று
கொழுந்தன் ஆன்செல்மோ கேட்டான்:
"சரி, இது எதன் மேல் உட்காரப் போகிறது?"

அன்றிலிருந்து மூன்று வாரம்
அது செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

ட்ரெலேவ் கடையில் இத்ரிஸ் பியூ
ரப்பர் திணித்த அச்சு ஒன்றைத் தட்டிக் காட்டினார்.
சத்தமில்லை, கிரீஸ் வேண்டாம், ஒன்றரை டன் தாங்கும்.
என் சரக்கு முந்நூறு கிலோ என்றேன்.
"கூடத் தாங்கினால் நல்லதுதானே?"
நல்லதில்லை.
பாரம் உணராத ஸ்பிரிங்
கூப்பிட்டால் எழாத நாய்.
அதோடு ஜூலையில் எங்கள் பக்கம் மைனஸ் பதினெட்டு.
அந்தக் குளிரில் ரப்பர் என்ன நினைக்கும் என்று
அவருக்கும் தெரியவில்லை.

சுருள்வில் போடு என்றான் ஆன்செல்மோ.
மெத்துமெத்தென்றுதான் இருக்கும்.
ஆனால் அதைப் பிடித்து நிறுத்த
கை, புஷ், போல்ட் என்று ஒரு குடும்பமே வேண்டும்.
அதில் ஒருவர் கோபித்துக்கொண்டால்
நடுவழியில் யார் சமாதானம் பேசுவது?

பழைய பிக்கப் ஒன்றின் வில்பட்டை, ஏழு தகடு,
காயலான் கடையில் கிடைத்தது.
ஒரு தகடு ஒடிந்தாலும் மற்றது வீடு சேர்க்கும்.
எந்தப் பண்ணையிலும் ஒரு சுத்தியல் இருக்கும்.
ஆனால் முந்நூறு கிலோவுக்கு ஏழு தகடு என்பது
கருங்கல்.

எத்தனை உருவுவது?
ஆன்செல்மோ சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டான்.
நான் ட்ரெய்லரில் ஏறி,
கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தும் சட்டத்தில்
என்னைக் கட்டச் சொன்னேன்.
பக்கத்தில் மணல் மூட்டைகள், குறையும் எடைக்கு.
ஓட்டு என்றேன்.

ஏழு தகட்டில் என் பற்கள் ஒன்றையொன்று எண்ணின.
ஐந்தில் வயிறு மட்டும் பேசியது.
நாலில், பள்ளம் தாண்டி வெகுதூரம் போன பிறகும்
நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம்.
காலையில் தின்றதைச் சரளைக்குக் கொடுத்தேன்.
ஐந்து, என்று முடிவாயிற்று,
ஆட்டத்தை அடக்க ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரோடு.

அப்புறமும் ஏதோ ஒன்று.
சின்னதாய், ஓயாமல்,
எலும்புக்குள் ஈ புகுந்த மாதிரி.
இறங்கி டயரை உதைத்தேன். கால் வலித்தது.
வால்வை அழுத்தினேன்,
நாற்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு.
புஸ்ஸென்று பாதி ஈ வெளியே போனது.
மூன்று வாரம் இரும்பில் தேடியது
டயருக்குள் சும்மா இருந்திருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடத்துக்கு இருபத்தாறு.
ஆசிரியை எர்மெலிண்டா நயுவெல்கீர்
கட்டுகளை அவிழ்க்க அவிழ்க்க எண்ணினாள்.
ஒரு கீறல் இல்லை.
கடைசிக் கண்ணாடியை நான் தூக்கிக்கொண்டு
வாசலுக்கு எட்டடி நடப்பதற்குள்
கையிலிருந்தே பிடுங்கிப் போயிற்று, காற்று.
அவள் ஆறை அடித்து ஐந்து என்று எழுதினாள்.

காற்று உடைத்ததை மாட்ட
காற்றின் மேல் ஏறித்தான் போய் வருகிறேன்.
திரும்பும்போது வண்டி காலி. ஸ்பிரிங்குக்கு வேலையில்லை,
தடதடவென்று என்னையே திட்டிக்கொண்டு வந்தது.

இடது பக்க யு-போல்ட் ஒன்று
அரைச்சுற்று தளர்ந்திருக்கிறது.
இருட்டுவதற்குள் முடுக்க வேண்டும்.